அட்டையா, எண்ணா, பதிவேடா: தேசிய அடையாளத் திட்டங்களின் செலவும் அந்தரங்கமும்

தேசிய அடையாள அட்டை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி எந்த நாட்டில் எழுந்தாலும் பேச்சு முழுவதும் அட்டையைச் சுற்றியே நடக்கிறது. அதற்கு என்ன கட்டணம், அதில் எந்தெந்த விவரங்கள் அச்சாகும், வெளியே போகும்போதெல்லாம் அதைக் கையில் வைத்திருக்க வேண்டுமா என்றே கேட்கிறோம். ஆனால் அடையாளத் திட்டம் ஒன்றில் அட்டை மிகச் சிறிய பகுதிதான். ஒவ்வொருவருக்கும் தரப்படும் எண், அந்த எண்ணுக்குரியவர் யார் என்று சொல்லும் பதிவேடு, அந்தப் பதிவேட்டை யார், எப்போது, எதற்காகக் கேட்டார்கள் என்று நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும் வினவல் குறிப்பு ஆகிய மூன்றும் அட்டைக்குப் பின்னால் நிற்கின்றன. பொதுப் பணத்தில் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும்தான் செலவாகிறது. மக்களின் அந்தரங்கம் பறிபோவதும் பெரும்பாலும் இந்த மூன்றின் வழியாகத்தான்.

ஆகவே, அட்டை உள்ள நாடு, இல்லாத நாடு என்று இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முடிவெடுக்க வேண்டிய நாட்டின் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. தனி அட்டை எதுவும் இல்லாமல் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் கொண்டே காலம் தள்ளலாம். படமும் பெயரும் அச்சிட்ட எளிய அட்டை ஒன்றைக் கொடுக்கலாம். எல்லோருடைய விரல்ரேகையையும் கருவிழியையும் ஒரே இடத்தில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தரலாம். சிப் பதித்த அட்டையைக் கொடுத்து, துறைக்குத் துறை வேறு எண்ணை வைக்கலாம். அல்லது அடையாளச் சான்றை ஒவ்வொருவரின் கைபேசியிலும் இறக்கிவிடலாம். பல நாடுகள் இவற்றில் இரண்டையோ மூன்றையோ கலந்து வைத்திருக்கின்றன. என்றாலும் தனித்தனியாகப் பார்த்தால்தான் ஒவ்வொன்றிலும் பணம் எங்கே போகிறது, விவரம் எங்கே போகிறது என்பது தெளியும்.

அட்டை இல்லாமல் இருப்பதற்கும் விலை உண்டு

முதல் வழியைத் தேர்ந்தெடுத்த நாடு என்று பிரிட்டனைத்தான் எல்லோரும் சுட்டுகிறார்கள். அங்கே 2006-இல் அடையாள அட்டைச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு, பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 580 கோடி பவுண்ட் ஆகும் என்று அரசு கணக்குச் சொன்னபோது, லண்டன் பொருளியல் பள்ளியின் ஆய்வாளர்கள் 1,060 கோடி முதல் 1,920 கோடி பவுண்ட் வரை ஆகும் என்றார்கள். இருவரும் ஒரே திட்டத்தைத்தான் கணக்கிட்டார்கள். பதிவான விரல்ரேகைகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் எடுக்க நேரும், தொலைந்த அட்டைக்கும் கெட்டுப்போன அட்டைக்கும் மாற்று அட்டை எவ்வளவு தேவைப்படும், அட்டையைச் சோதிக்கப் பிற துறைகள் வாங்க வேண்டிய கருவிகளின் செலவு எந்தக் கணக்கில் ஏறும் என்பவற்றில்தான் இரண்டு மதிப்பீடுகளும் இவ்வளவு தூரம் விலகின. எந்த நாட்டின் திட்ட அறிக்கையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த மூன்று வரிகளைத்தான். அவை இல்லாத அறிக்கையில் உள்ள மொத்தத் தொகையை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

பிரிட்டன் அந்தச் சட்டத்தை 2010 டிசம்பரில் நீக்கியது. ஆனால் அட்டை இல்லை என்பதால் அடையாளம் கேட்பது நின்றுவிடவில்லை. வங்கியிலும் வாடகை வீட்டிலும் வேலையிலும் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். முகவரிக்கு மின்கட்டண ரசீதைக் கேட்கிறார்கள். வெளிநாடு போகாதவருக்குப் பாஸ்போர்ட் எதற்கு? பிறர் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருப்பவர் பெயரிலும், கணவர் பெயரில் எல்லாம் ஓடும் குடும்பத்து மனைவியின் பெயரிலும் மின்கட்டண ரசீது எப்படி வரும்? அட்டை இல்லாத நாட்டில் அடையாளத்துக்கான செலவை அரசின் கணக்கேட்டில் பார்க்க முடியாது. ஆவணம் இல்லாதவர்களின் தோளில் அது சத்தமில்லாமல் ஏற்றப்பட்டிருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அட்டை வேண்டாம் என்று சொன்ன நாட்டில், வேறொரு வேலைக்காகப் பிறந்த எண் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு எண் 1936-இல் ஓய்வூதியக் கணக்குக்காகத் தொடங்கப்பட்டது. 1946 முதல் 1972 வரை வெளியான அட்டைகளில், அடையாளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகமே அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் வரித்துறை அதை எடுத்துக்கொண்டது. பிறகு வங்கிகளும் கல்லூரிகளும் மருத்துவக் காப்பீட்டாரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அந்த ஒன்பது இலக்கங்களைச் சொல்லத் தெரிந்தவரே அந்த எண்ணுக்குரியவர் என்று நம்பும் பழக்கம் வேரூன்றிவிட்டது. 2017-இல் எக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடப்பட்டபோது, அவற்றில் பெரும்பாலானவற்றோடு இந்த எண்ணும் போனது. பெயரைப் போலப் பல இடங்களில் எழுதித் தரும் எண்ணையே கடவுச்சொல்லைப் போல இரகசியமாகவும் கருதினால் இதுதான் நடக்கும்.

இந்தக் குழப்பம் அட்டை உள்ள நாட்டிலும் வரும். சிங்கப்பூரில் தனியார் நிறுவனங்கள் தேசியப் பதிவு எண்ணைத் தேவையின்றிச் சேகரிக்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பரில் அங்குள்ள நிறுவனப் பதிவு இணையதளத்தில் பெயரைத் தேடினால் முழு எண்ணும் தெரியும் நிலை ஏற்பட்டு, மக்கள் பதறிப்போனார்கள். எண் என்பது அடையாளம் காட்டத்தானே தவிர, ஆள் இன்னார் என்று நிரூபிக்க அல்ல என்று அரசு விளக்கியது. கருத்தளவில் அந்த விளக்கம் சரியானதே. ஆனால் அதை எண் வழங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எளிய அட்டையும் அதன் நகலும்

படம், பெயர், முகவரி, பிறந்த தேதி, ஓர் எண் ஆகியவற்றை அச்சிட்ட அட்டைதான் எல்லா வழிகளிலும் குறைந்த செலவில் முடிவது. சோதிப்பவர் அட்டையையும் முகத்தையும் பார்த்தால் போதும். சர்வர் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். யார் எங்கே காட்டினார் என்ற செய்தி எந்த மையத்துக்கும் போகாது. அந்த வகையில் இது அந்தரங்கத்துக்கு இணக்கமானது என்று நினைக்கத் தோன்றும்.

நகல் எடுக்கும் வரை அது உண்மைதான். கவுன்டரில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அறை வாடகைக்கோ சிம் கார்டுக்கோ போகிறவரிடம் ஊழியர் அட்டையை வாங்கிப் பின்பக்கமும் முன்பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, மூலையில் கையெழுத்து வாங்கி, மேசை இழுப்பறையில் போடுகிறார். அந்த ஒரு தாளில் படம், முகவரி, பிறந்த தேதி, எண், கையெழுத்து என்று ஒருவரைப் போல நடிக்கத் தேவையான அனைத்தும் இருக்கின்றன. அந்த இழுப்பறைக்குப் பூட்டு உண்டா, அந்தத் தாள் எத்தனை ஆண்டு அங்கே கிடக்கும், பழைய தாள்களோடு எடைக்குப் போகுமா என்று யாரும் கேட்பதில்லை. நகலின் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எளிய அட்டை உள்ள இடங்களில் எல்லோரும் அதைச் செய்யலாம் என்பேன்.

அச்சிட்ட அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதும் உயிர் பறிக்கக்கூடிய முடிவுதான். பெல்ஜிய ஆட்சிக் காலத்தில் ருவாண்டாவின் அட்டைகளில் எழுதப்பட்ட இனப் பெயர், 1994-இல் சாலைத் தடுப்புகளில் யார் சாக வேண்டும் என்று காட்டியது. நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தில் மக்கள்தொகைப் பதிவேடு மிகச் சீராக இருந்ததும் யூதர்களைத் தேடிப் பிடிக்க உதவியது. 1943 மார்ச் 27 அன்று எதிர்ப்புப் போராளிகள் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தைத் தாக்கித் தீயிட்டது அதனால்தான். கிரேக்கம் 2000-இல் தன் அட்டைகளிலிருந்து மதம் என்ற கட்டத்தை நீக்கியது. ஒரு கட்டத்தைச் சேர்க்க அச்சு மையின் விலைதான் ஆகும் என்று நினைப்பவர்கள் இவற்றைப் படிக்க வேண்டும்.

எண்ணும் பேசும். இலங்கையின் பழைய அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்படும். எண்ணைப் பார்த்தவுடனேயே வயதும் பாலினமும் தெரிந்துவிடும். மலேசியாவின் எண்ணிலும் பிறந்த தேதியும் இடமும் உண்டு. தென் கொரியாவின் 13 இலக்க எண்ணில் பிறந்த தேதி, பாலினம், பதிவான பகுதி மூன்றும் இருந்தன. 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரப்படும் எண்களில் பகுதிக் குறியீட்டை விட்டுவிட்டார்கள். இந்தியாவின் ஆதார் எண் இந்த ஒரு விஷயத்தில் நல்ல முன்மாதிரி: அதன் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் தவறாக எழுதியதைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை இலக்கம், மற்றவற்றில் ஆளைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. ஊமை எண் கொடுப்பதற்குக் கூடுதல் செலவே கிடையாது. அப்படியிருக்க, பேசும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு இனி எந்த நாட்டுக்கும் நியாயம் இல்லை.

எளிய அட்டையின் இன்னொரு பலவீனம், அதன் வேலை நாளுக்கு நாள் பெருகுவது. போர்க்காலப் பிரிட்டன் 1939-இல் அட்டை கொடுத்தபோது சொல்லப்பட்ட காரணங்கள் மூன்றே: படைச் சேவை, நாட்டுப் பாதுகாப்பு, பங்கீடு. 1950-இல் 39 அரசு அமைப்புகள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் காரை நிறுத்தி அட்டையைக் கேட்ட காவலரிடம் கிளாரன்ஸ் வில்காக் என்பவர் காட்ட மறுத்தார். வழக்கில் அவர் தோற்றாலும், போருக்காக வந்த சட்டத்தைப் போர் முடிந்தும் வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துவதைத் தலைமை நீதிபதி காடர்ட் கண்டித்தார்; 1952 பிப்ரவரியில் அட்டை ஒழிந்தது.

ஒரே எண், ஒரே களஞ்சியம்

மூன்றாவது வழியில்தான் இன்று பெரிய பணம் புழங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள, விரல்ரேகையை ஒப்பிடுவதில் உள்ள இரண்டு வேலைகளைப் பிரித்தறிய வேண்டும். இவர் தான் சொல்லும் ஆள்தானா என்று பார்க்க, அவருடைய ரேகையை அவருடைய பழைய பதிவு ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். இவர் ஏற்கெனவே வேறு பெயரில் பதிந்திருக்கிறாரா என்று பார்க்க, பதிவேட்டில் உள்ள அத்தனை பேரோடும் ஒப்பிட வேண்டும். முன்னதை அட்டையில் உள்ள சிப்புக்குள்ளேயே செய்துவிடலாம். பின்னதற்கு எல்லோருடைய ரேகையும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். நூறு கோடிப் பேர் பதிந்த பிறகு வருபவரை அந்த நூறு கோடியோடும் ஒப்பிட வேண்டும். ஒருவர் இரண்டு எண் பெறுவதைத் தடுக்க வேண்டும் என்ற ஒரே தேவைக்காகத்தான் இந்தப் பெருங்களஞ்சியம் கட்டப்படுகிறது. அது கட்டி முடிந்த பிறகு வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்பதைக் கட்டியவர்களாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்தியா இந்த வழியில் மிகத் தொலைவு போன நாடு. அதற்கான ஆணையம் 2009-இல் அமைந்தது. முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது. சட்டம் 2016-இல்தான் வந்தது. ஆள் பதிந்த பிறகு சட்டம் வந்த இந்த வரிசை எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐவர் அமர்வு, நால்வர் பெரும்பான்மையில் திட்டத்தை ஏற்றுக்கொண்டு, தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் எண்ணைக் கேட்க வழிவிட்ட பகுதியை நீக்கியது. அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு: சரிபார்ப்புக் குறிப்புகளை ஐந்தாண்டு வைத்திருக்கலாம் என்ற விதி செல்லாது, ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது. என் பார்வையில் அந்தரங்கத்துக்கு மிகப் பெரிய காப்பு அந்த வரிதான். ஒருவருடைய ரேகையை விட, அவர் எந்தெந்த நாளில் எந்தெந்த இடத்தில் எதற்காகத் தன்னை நிரூபித்தார் என்ற குறிப்பே அவருடைய வாழ்க்கையை அதிகம் சொல்லும்.

செலவைப் பொறுத்தவரை, இந்த வழியை ஆதரிப்பவர்கள் ஒரு ஆளுக்கு ஆகும் தொகை மிகக் குறைவு என்கிறார்கள். பதிவுச் செலவை மட்டும் கணக்கிட்டால் அது உண்மை. அட்டை கிடையாது, சிப் கிடையாது, எண் மட்டும்தான். கோடிக்கணக்கானோருக்குப் பகிர்ந்தால் தலைக்குச் சொற்பமே வரும். ஆனால் அட்டையில் மிச்சம் பிடித்த பணம் கவுன்டர்களில் திரும்பச் செலவாகிறது. சரிபார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ரேகைக் கருவி வேண்டும், இணைப்பு வேண்டும், அவற்றைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். இன்னொரு செலவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அலுவலகம் ஒன்றில் என் முறைக்காகக் காத்திருந்தபோது எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். கட்டை விரலைக் கருவியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "ஐயா, துடைச்சிட்டு வைங்க" என்றார் உள்ளே இருந்த இளைஞர். துடைத்து வைத்தார். பிறகு ஆட்காட்டி விரல், பிறகு மறு கை, பிறகு சற்று ஈரப்படுத்தி, பிறகு அழுத்தி. பல்லாண்டுக் காலம் சிமெண்டிலும் செங்கல்லிலும் உழைத்த கைகளில் ரேகை எங்கே மிஞ்சியிருக்கும்? இடையில் இணைப்பும் போய்விட, நாளைக்கு வரச் சொன்னார்கள். இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. பெரியவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். அன்றைய கூலி போனது, மறுநாள் கூலியும் போகப்போகிறது. உழைப்பால் தேய்ந்த விரலும், முதுமையில் மங்கிய ரேகையும், புரை விழுந்த கண்ணும் உள்ளவர்களிடம்தான் உதவித்தொகைக்கு இந்தச் சோதனை அதிகம் கேட்கப்படுகிறது. நூற்றில் இரண்டு பேருக்குத் தவறினாலும் கோடிப் பேரில் அது இரண்டு இலட்சம் பேர். கருவி தவறும்போது மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும் மாற்று வழிக்கான ஊழியர் செலவைச் சேர்க்காமல், இந்த வழி மலிவானது என்று சொல்வது தவறான கணக்கு.

சிப் அட்டையும் துறைக்கொரு எண்ணும்

நான்காவது வழியின் வேர் தொழில்நுட்பத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1983 டிசம்பர் 15 அன்று மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில், தன்னைப் பற்றிய விவரங்கள் எங்கே பயன்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. போர்ச்சுகலின் அரசியல் சாசனம் குடிமக்களுக்கு ஒரே தேசிய எண் தருவதையே தடை செய்கிறது. ஹங்கேரியின் அரசியல் சாசன நீதிமன்றம் 1991-இல் எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணைச் செல்லாது என்றது. ஒரே எண் இருந்தால் வரித்துறையின் ஏடும் மருத்துவமனையின் ஏடும் காவல்துறையின் ஏடும் ஒரு நொடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதே இவற்றின் பின்னால் உள்ள கவலை.

அந்தக் கவலைக்குப் பொறியாளர்கள் தந்த மிகத் தெளிவான விடை ஆஸ்திரியாவில் 2004-இல் நடைமுறைக்கு வந்த மின்னாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. பதிவேட்டு எண்ணை இரகசியச் சாவி கொண்டு மறையாக்கி ஒரு மூல எண்ணை உண்டாக்குகிறார்கள். அந்த மூல எண்ணோடு துறையின் குறியீட்டைச் சேர்த்து ஒருவழிக் கணக்கீட்டுக்கு உட்படுத்தினால் அந்தத் துறைக்கான எண் கிடைக்கும். வரிக்கு ஓர் எண், மருத்துவத்துக்கு ஓர் எண், கல்விக்கு ஓர் எண். நீற்றிய சுண்ணாம்பிலிருந்து கிளிஞ்சலை மீட்க முடியாதது போல, துறை எண்ணிலிருந்து மூல எண்ணுக்குத் திரும்ப முடியாது. ஆகவே இரண்டு துறைகளின் ஏடுகள் திருடுபோனாலும் இது அவருடையது, அதுவும் அவருடையது என்று ஒட்டவைக்க முடியாது. ஒரே ஆள் ஒரே துறையில் இரண்டு முறை பதிவதையும் இது தடுக்கிறது. பொது எண்ணுக்குச் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பாலானவை இதிலும் கிடைக்கின்றன என்பதுதான் என்னை இந்தப் பக்கம் சாய வைத்தது.

ஜெர்மனியின் சிப் அட்டை 2010 நவம்பரில் வந்தது. வயதைக் கேட்டால் பிறந்த தேதியைச் சொல்லாமல், குறிப்பிட்ட வயது நிரம்பியதா என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் அது விடை சொல்லும். ஒவ்வொரு சேவைக்கும் வேறு வேறு புனைபெயரைத் தரும். விவரம் கேட்கும் நிறுவனமும் எந்தெந்தக் கட்டங்களைப் படிக்கலாம் என்று அரசிடம் முன்கூட்டி அனுமதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். சான்றில் இல்லாத கட்டத்தை அட்டை காட்டாது. 2021 ஆகஸ்ட் முதல் விரல்ரேகை கட்டாயமானபோதும் அது சிப்புக்குள் மட்டுமே இருக்கிறது, மையக் களஞ்சியம் இல்லை. கட்டணம் 24 வயது நிரம்பியவர்களுக்குத் தொடக்கத்தில் 28.80 யூரோ; 2021-இல் 37 யூரோ ஆனது. பத்தாண்டு செல்லும் என்பதால் அந்தக் கட்டணத்தில் ஆண்டுக்கு நான்கு யூரோகூட ஆகவில்லை.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். முதல் ஏழாண்டுகள் அட்டையின் மின்னணு வசதியை முடக்கி வைத்துக்கொள்ளும் தெரிவு மக்களுக்கு இருந்ததால் பலர் முடக்கியே வைத்தார்கள். பயன்படுத்துவோர் குறைவு என்பதால் நிறுவனங்களும் சேரவில்லை. 2017-இல்தான் அது இயல்பாகவே இயங்கும்படி சட்டம் மாறியது. யாரும் பயன்படுத்தாத பாதுகாப்பும் வீண் செலவுதான். மேலும் 2021-இல் ஜெர்மனி தன் வரி எண்ணையே பல பதிவேடுகளுக்குப் பொதுவாக்கச் சட்டம் இயற்றியது. 1983-இல் கிடைத்த காப்பை அடுத்த தலைமுறை நிர்வாக வசதிக்காகத் தளர்த்திக்கொண்டிருக்கிறது.

எஸ்டோனியா இதற்கு மாறான வழியில் நல்ல பெயர் எடுத்தது. அங்கே ஒரே எண்தான், அதுவும் பேசும் எண். 2002 முதல் சிப் அட்டை கட்டாயம். ஆனால் தன் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்பதைக் குடிமகனே திறந்து பார்க்கலாம். வினவல் குறிப்பை மக்களின் மீதான கண்காணிப்பாக அல்லாமல் அதிகாரிகளின் மீதான கண்காணிப்பாகத் திருப்பிய அந்த ஏற்பாட்டை, எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் நாடும் எடுத்துக்கொள்ளலாம். செலவில் அவர்கள் கற்ற பாடம் 2017-இல் வந்தது. சிப்பில் உள்ள சாவியை உருவாக்கும் முறையில் குறை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 7,60,000 அட்டைகள் பாதிக்கப்பட்டன. நவம்பர் 3 நள்ளிரவு அவற்றின் சான்றுகள் முடக்கப்பட்டன. இணையம் வழியாகவே புதுப்பிக்கும் ஏற்பாடு முன்பே இருந்ததால்தான் அத்தனை அட்டைகளையும் மாற்ற வேண்டிய செலவு தவிர்ந்தது. 2021-இல் ஒருவர் அரசுத் தரவுத்தளத்திலிருந்து சுமார் 2,86,000 படங்களை இறக்கிக்கொண்டதும் அதே நாட்டில்தான். சிறப்பாக நிர்வகிக்கப்படும் களஞ்சியமும் களஞ்சியம்தான்.

கைபேசியில் அடையாளம்

ஐந்தாவது வழி இளமையானது, சுருக்கமாகவே சொல்கிறேன். சுவிட்சர்லாந்து மக்கள் 2021 மார்ச்சில் மின்னணு அடையாளச் சட்டத்தை 64.4 விழுக்காட்டு வாக்குகளால் நிராகரித்தார்கள். தனியார் நிறுவனங்கள் அடையாளத்தை வழங்கும் என்பதே பெரிய தடையாக இருந்தது. அரசே வழங்கும், விவரம் உரியவரின் கைபேசியில் மட்டும் இருக்கும் என்று மாற்றி எழுதப்பட்ட சட்டம் 2025 செப்டம்பரில் 50.4 விழுக்காட்டில் மயிரிழையில் தேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு விதி, 2026 முடிவதற்குள் ஒவ்வொரு உறுப்பு நாடும் கைபேசி அடையாளப் பணப்பை ஒன்றைத் தர வேண்டும் என்கிறது.

அரசுக்கு இது மலிவு, ஏனென்றால் கருவியை மக்களே வாங்குகிறார்கள். கைபேசி இல்லாதவர், பழைய கைபேசி வைத்திருப்பவர், பிள்ளைகளின் கைபேசியைக் கேட்டு வாங்குபவர் ஆகியோருக்கு அது மலிவல்ல. அந்தரங்கத்தில் ஒரு நுட்பமான சிக்கலும் உண்டு: சான்றில் உள்ள அரசின் மின்கையொப்பம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தால், பெயரை மறைத்தாலும் அந்தக் கையொப்பமே ஓர் எண்ணாகிவிடும். இதைத் தவிர்க்க ஒருமுறை மட்டும் பயன்படும் சான்றுகளைக் கொத்தாக வழங்குகிறார்கள். இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் கவலை வேறு. காட்டுவது எளிதானால் கேட்பதும் எளிதாகும். முன்பு பெயர் கேட்காமல் நடந்த சிறு சிறு காரியங்களுக்கெல்லாம் ஒரு தட்டில் அடையாளம் கேட்கத் தொடங்குவார்கள். ஜெர்மனியின் அனுமதிச் சான்று போன்ற கடிவாளம் கேட்பவருக்கு இல்லையென்றால், கைபேசிப் பணப்பையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு என் தேர்வு நான்காவது வழி: சிப் அட்டை, துறைக்கொரு ஊமை எண், ரேகை சிப்புக்குள் மட்டும், இணைப்பு இல்லாமலும் சரிபார்க்கும் வசதி, வினவல் குறிப்பைக் குடிமகனே பார்க்கும் உரிமை. கைபேசியை விருப்பமுள்ளவர்களுக்கான இரண்டாவது வசதியாக வைக்கலாம். அட்டைக்கு மாற்றாக அல்ல. தலைக்கான தொடக்கச் செலவு மூன்றாவது வழியை விட இதில் கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் முதல் நாளே வரவு செலவுத் திட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, நாடாளுமன்றம் அதைக் கேள்வி கேட்க முடிகிறது. மையக் களஞ்சியத்தின் செலவு அப்படியல்ல. அது ஆண்டுதோறும் வேறு வேறு துறைகளின் கணக்கிலும், வரிசையில் நிற்பவர்களின் நாட்கூலியிலும் சிதறிப்போய்விடுகிறது.

ஒரே எண்ணை ஏற்கெனவே வழங்கிவிட்ட நாடுகளுக்கு இந்த அறிவுரை காலங்கடந்தது. அவர்களுக்கு உதவுவது தென் கொரியாவின் அனுபவம். 2014-இல் மூன்று கிரெடிட் கார்டு நிறுவனங்களிலிருந்து சுமார் 2 கோடிப் பேரின் விவரங்கள் கசிந்தன. சட்டத்தில் இடமில்லாமல் எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற தடை அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. எண்ணை மாற்றிக்கொள்ள வழியே இல்லாதிருப்பது அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று 2015 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. எண்ணால் பாதிப்புக்கு உள்ளானவர்கள் 2017 மே முதல் புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க முடிகிறது. இவற்றில் எதற்கும் புதிய களஞ்சியம் தேவைப்படவில்லை. சட்டமும் அதைச் செயல்படுத்தும் ஓர் அலுவலகமும் போதுமானவையாக இருந்தன.

கடைசியாக ஒப்பிட வேண்டியது பின்வாங்கும் செலவு. பிரிட்டனில் திட்டம் கைவிடப்பட்டபோது 30 பவுண்ட் கொடுத்து அட்டை வாங்கியிருந்தவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படவில்லை. ஆனால் பதிவேடு அழிக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில், அமைச்சர் ஒருவர் முன்னிலையில், பதிவேடு இருந்த சுமார் 500 ஹார்டு டிஸ்க்குகளை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக அரைத்தார்கள். அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அதுவரை அட்டை வாங்கியவர்கள் சுமார் 15,000 பேர்தான் என்பதும், யாருடைய வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும் மருத்துவமும் அந்தப் பதிவேட்டோடு இன்னும் பிணைக்கப்படவில்லை என்பதும்தான்.